பனிப்பாவாடை

அக்கா பனிக்கட்டியாக ஆடினாள். நான் காற்றாக ஆடினேன். இப்படிச் சொன்னால் இரண்டும் சரிசமமான வேடங்கள் போலத் தோன்றும். உண்மையில் என் வேலை ஒரேயொரு நாடாவை இழுப்பது.

நாங்கள் ஒஸ்லோவில் புருசெத் அடுக்குமாடியில் இருந்தோம். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்கு பஸ் ஓட்டம். ஆகவே அக்கா பலே நடன வகுப்புக்குப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. சுவரோரம் குந்தியிருந்து மற்றப் பிள்ளைகளின் சப்பாத்து நாடாக்களைப் பிணைத்து விளையாடிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் ஆசிரியை பிடித்துவிட்டார். நோர்வேக்காரி, மெல்லிய குரல். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "நாடாவில் இவ்வளவு விருப்பமென்றால் உனக்கு ஒரு வேலை இருக்கிறது" என்றார்.

வசந்தகால நிகழ்ச்சிக்கு அவர் அமைத்த கதை சின்னது. மலையில் ஓர் ஓடை உறைந்து கிடக்கிறது. காற்று வருகிறது. பனி உடைந்து ஓடை ஓடுகிறது. இதில் பாதியைச் சொன்னது அக்காவின் உடுப்புத்தான். மேலே கணுக்கால்வரை விழும் சாம்பல்நிறப் பாவாடை. உள்ளே விறைப்பான வலை வைத்துத் தைத்தது. அதைப் போட்டால் காலை ஒரு சாண்கூட எட்டி வைக்க முடியாது. முதல் பாதி முழுவதையும் கைகளாலும் கழுத்தாலும் மட்டுமே ஆட வேண்டும். பிறகு அவள் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி உள்ளங்கைகளை வெளிப்பக்கம் திருப்புவாள். அது எனக்கு அடையாளம். நான் பின்னாலிருந்து ஓடிவந்து இடுப்பு நாடாவை இழுத்தால் பனிப்பாவாடை பொத்தென்று நிலத்தில் விழும். உள்ளே குட்டையான நீலச் சட்டை. அவள் சுழலச் சுழல அதன் ஓரம் தண்ணீர்போல எழும்பும்.

அதுவரை விளையாட்டு உடுப்போடு ஒத்திகை பார்த்தபோது அக்கா பனிக்கட்டியாக நடித்தாள். பாவாடையைப் போட்ட அன்று நடிக்கத் தேவையில்லாமல் போய்விட்டது. கழுத்து தானாக நீண்டது. விரல் நுனிகள் எதையோ தேடின. "கால் போக முடியாத இடத்துக்குக் கை போக ஆசைப்படுகிறது, தெரிகிறதா? நான் சொல்லித்தர முடியாததைப் பாவாடை சொல்லித்தருகிறது" என்றார் ஆசிரியை. நாடாவை இழுத்ததும் அக்கா அந்த அறையை மூலைக்கு மூலை பறந்து கடந்தாள். சிரித்துக்கொண்டே ஆடினாள். அன்று எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா அதைக் கைபேசியில் எடுத்து யாழ்ப்பாணம், கனடா, லண்டன் என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினார். எல்லோரும் வடிவு என்றார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து பெரியம்மா உழுத்தம் மாவும் நல்லெண்ணெயுமாக வந்து இறங்கினார். அக்காவின் அறைக்குள் போகக்கூடாது என்றார்கள். அவளுக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு. காய்ச்சலா என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லையடா. அக்கா பெரியாளாயிட்டா" என்றார் பெரியம்மா.

கதவிடுக்கால் எட்டிப் பார்த்தேன். நேற்றிருந்த உயரத்தில்தான் இருந்தாள்.

அன்று பின்னேரம் குசினியில் அடுப்படியில் நின்றபடி பெரியம்மா கதையைத் தொடங்கினார். "இனியும் அவள் அந்தக் கட்டைச் சட்டையோடை மேடையில நிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"போன மாசம் அந்த வீடியோவைக் கனடாவுக்கும் அனுப்பச் சொன்னதே நீங்கள்தானே, மச்சாள்" என்றார் அப்பா.

"அது அப்ப. இது இப்ப."

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "அந்த நீளப் பாவாடையோடையே முழுக்க ஆடட்டுமே. அதுவும் வடிவுதானே?"

அடுத்த சனிக்கிழமை அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்து ஆசிரியையிடம் இதைக் கேட்டார். ஆசிரியை கோபிக்கவில்லை. நீலச் சட்டைக்குள் கணுக்கால்வரை தடித்த காலுறை போடலாம், கைகளையும் மூடலாம் என்றார். "ஆனால் பாவாடை விழத்தான் வேண்டும். விழாவிட்டால் பனி உருகவில்லை. கதையே இல்லை." அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புறப்படும்போது, உடுப்பைத் தானே இஸ்திரி போட்டு மினுக்கிக் கொண்டுவருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். ஆசிரியை நன்றி சொன்னார். அக்கா வழி முழுக்க அம்மாவின் கையைப் பிடித்தபடி வந்தாள்.

நிகழ்ச்சியன்று பெரியம்மா முன்வரிசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தார். அக்கா பனிக்கட்டியாக நின்றாள். இரண்டு கைகளும் உயர்ந்தன, உள்ளங்கைகள் திரும்பின. நான் ஓடிப்போய் நாடாவை இழுத்தேன். நாடா முழுதாக என் கையோடு வந்தது. பாவாடை விழவில்லை.

பிடித்து இழுத்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். இடுப்பைச் சுற்றி, உள்ளே இருந்த நீலச் சட்டையோடு சேர்த்து, சாம்பல்நிற நூலில் நெருக்கமான சின்னத் தையல். என் பள்ளிக்கூடக் காற்சட்டைகளின் ஓரம் மடித்துத் தைத்திருக்குமே, அதே தையல்.

அக்கா கையை இறக்காமல் காத்திருந்தாள். இசை காத்திருக்கவில்லை, தண்ணீருக்கான இசை தொடங்கிவிட்டது. அவள் ஒருமுறை மட்டும் சபையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பாவாடைக்குள்ளேயே ஓடையை ஆடினாள். பாயவேண்டிய இடத்தில் கால் வலையில் முட்டி நின்றது. சுழலவேண்டிய இடத்தில் பாதியில் திரும்பினாள். முழங்கால் துணியை உதைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் காற்று; நாடாவைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

கைதட்டல் பலமாக இருந்தது. பக்கத்திலிருந்த நோர்வேக்காரப் பெண் கண்ணைத் துடைத்தபடி அப்பாவிடம், கடைசிவரை பனி உடையாமல் விட்டது எவ்வளவு துணிச்சலான கற்பனை என்றாராம். அப்பா அதைப் பெருமையோடு மொழிபெயர்த்தார். "பாத்தியே, நீளமாப் போட்டும் ஆடலாம். வீணாப் பயந்தம்" என்றார் பெரியம்மா. எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியது அம்மா.

மேடைக்குப் பின்னால் ஆசிரியை அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். யார் தைத்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் அக்கா.

ஆசிரியை கத்தரிக்கோல் எடுத்துவந்து பாவாடையை வெட்டிக் கழற்றினார். அதற்குப் பிறகு அக்கா அந்த வகுப்புக்குப் போகவில்லை.

கோடை விடுமுறையில் லோறென்ஸ்கூக்கில் மண்டபம் பிடித்து அக்கா பெரியாளானதற்குச் சாமத்தியவீடு செய்தார்கள். முழங்கால் தெரிந்தால் சனம் கதைக்கும் என்று பயந்தவர்கள், அவள் உடம்புக்குள் நடந்ததை அழைப்பிதழில் அச்சடித்து அதே சனத்துக்கு அனுப்பினார்கள். இதை எழுதும்போதுதான் எனக்கு வாய் கசக்கிறது; அன்றைக்கு ஐஸ்கிரீம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் என்று இப்போது விருந்தாளிகளுக்கு என்னைக் காட்டுகிறார்கள். உடுப்பு எப்படிக் கதை சொல்லும் என்பதை நான் அங்கே படிக்கவில்லை.

அலங்கரித்த மேடையில் அக்கா நின்றாள். கூறைச்சேலை போன்ற கனத்த பட்டு, ஒட்டியாணம், தலைபாரமான பூச்சடை. நடக்க முடியாததால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். வீடியோக்காரர் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார். "பிள்ளை, இஞ்சை பாரும். கொஞ்சம் வெக்கப்படும். ஆ, இன்னும் கொஞ்சம்."

பூத்தட்டோடு நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அக்கா இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தினாள். உள்ளங்கைகளை வெளிப்பக்கம் திருப்பினாள்.

"அப்பிடியே நில்லும்! நல்லாயிருக்கு!" என்றார் வீடியோக்காரர்.

எனக்கு அடையாளம் தெரிந்தது. தட்டை வைத்துவிட்டு அவள் முதுகுப்பக்கம் முழுவதையும் பார்த்தேன். ஊசிகள் இருந்தன, கொளுக்கிகள் இருந்தன. நாடா இல்லை. மெதுவாக அவள் காதுக்கு எட்டும்படி சொன்னேன்: "அக்கா, இது அந்த உடுப்பு இல்லை."

அவள் கையை இறக்கவில்லை. பாவம், அக்கா உடுப்பை மாறி நினைத்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.