நஸீரா ஒளித்து வைத்த ‘ழ’

தாராவியில் கடைப்பலகை எழுதும் நஸீராவின் எழுத்துகள் தடித்தவை. தொந்தியைத் தள்ளிக்கொண்டு, ஒன்றையொன்று தோளால் இடித்து நிற்கும். ஓடும் பஸ்ஸிலிருந்தே படித்துவிடலாம். பிரியாணிக் கடைக்கும் தோல்பைக் கடைக்கும் அவ்வளவு பொருத்தம். இரங்கல் செய்திக்கு மட்டும் ஆகாது.

யார் மாதிரித்தாள் கேட்டாலும், ஓர் எழுத்தை விட்டுவிட்டுத்தான் வரைந்து கொடுப்பாள். ஆளுக்கு ஓர் எழுத்து. யாராவது களவாடினால், விடுபட்ட எழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற நினைப்பு.

அன்று நைன்டி பீட் ரோட்டில் புதிதாக ஒரு பேனர்: ‘கோழி பிரியாணி’. அவள் வரையாத பேனரில் அவளுடைய எழுத்து. நடுவில் ‘ழி’ மட்டும் யாரோ பெற்ற பிள்ளைபோல் நோஞ்சானாக நின்றது.

பிளெக்ஸ் அடிக்கும் ராஹில்தான் என்று பல்லைக் கடித்தாள். ஆனால் அவனுக்குக் கொடுத்த தாளில் விட்டது ‘ற’ ஆயிற்றே! ‘ழ’ இல்லாத தாள் போனது, காலேஜ் பாடத்துக்கென்று கேட்ட மகள் ஹாஃபிஸாவிடம்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே கேட்டாள். “என் எழுத்த யாருகிட்ட குடுத்த?”

“கம்ப்யூட்டர்ல ஏத்தி, டைப் அடிக்கிற ஃபான்ட்டா ஆக்குனேன் உம்மா. கூட்டாளி ஒருத்தி கேட்டா, குடுத்தேன். ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“‘ழ’ சொல்லிச்சு. ஒனக்கு நான் அத போடல.”

ஹாஃபிஸா வாயைப் பிளந்தாள். “மறந்துட்டியன்னுலா நெனச்சேன்! பெத்த மகளையே சந்தேகப்பட்டு ஒளிச்சு வச்சியளா?”

“சந்தேகப்பட்டது சரியாத்தான போச்சு?”

“கேக்காம குடுத்தது தப்புதான். இப்பமாவது அந்த ‘ழ’வப் போட்டுத் தாங்க. பேனரப் பாக்கச் சகிக்கல.”

நஸீராவுக்கும் அது கண்ணை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பிரஷை எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“மொதல்ல அந்தக் கூட்டாளிய இங்க கூட்டிட்டு வா.”