கமிட்டி கொடுத்த கோர்ட்டு

முனிசிபல் கோர்ட்டில் டைப் அடிக்கிறவளுக்கு முதலில் தெரிய வேண்டியது சட்டம் இல்லை, யார் யாருடைய சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. வழக்குப் போடுவது முனிசிபல் கமிட்டி. கட்டடம், நாற்காலி, குமாஸ்தா, பியூன் கொடுப்பதும் அதே கமிட்டி. மாஜிஸ்திரேட் மட்டும் வெளியாள். தலைநகரில், மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடித்தேன், மேலே படிக்க வைக்க வீட்டில் முடியவில்லை, டெம்பரரி டைப்பிஸ்டாக இங்கே வந்தேன். ஏதாவதொரு ஆபீஸ் வாசலில் ‘கல் ஆனா’, நாளைக்கு வா, என்று கேட்டுத் திரும்பியவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது.

மின்விசிறி

மே மாதம் மின்விசிறி நின்றுபோனது. மாஜிஸ்திரேட்டுக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு எடுத்துக் கொடுக்கும் பேஷ்கார் வர்மாஜி, கமிட்டிக்கு எழுதி எழுதிக் களைத்தார். கடைசியில் ஒரு அதிகாரி வந்தார். மின்விசிறியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எங்க கேஸைத் தள்ளுபடி பண்றார், அப்புறம் எங்ககிட்டயே காத்தும் கேக்கறார் உங்க சாஹிப்” என்றார்.

ஆள் வந்தது

பெயர் கூப்பிடும் பியூன் ரிடையர் ஆனபின் வர்மாஜியே வாசலுக்கு ஓடி ஓடிக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவழியாக ராம்கிஷனை அனுப்பினார்கள். தெருவில் கைவண்டிகளைப் பிடித்து லாரியில் ஏற்றும் கூட்டத்தில் இருந்தவர். தூக்கித் தூக்கித் தோள் போய்விட்டதாம், அதனால் கோர்ட்டு. கெட்ட மனுஷர் இல்லை. முதல் நாளே ‘பேட்டி’, மகளே, என்று கூப்பிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“லாரியில் நின்னு கத்தறதைவிட இது சுலபம் பேட்டி. இங்கே யாரும் என்னைப் பார்த்து ஓடமாட்டாங்க” என்றார்.

அஞ்சலை

அஞ்சலை விழுப்புரம் பக்கம். கோல் மார்க்கெட் ஓரம் சோளம் சுட்டு விற்பாள். சாரத்திலிருந்து விழுந்து செத்த அவள் புருஷன் தச்சன்; வண்டி அவன் செய்து நீலம் பூசியது. அதைத்தான் லாரி தூக்கிப்போய்விட்டது. ஆஜராகி அபராதம் கட்டினால் திரும்பக் கிடைத்துவிடும். “பேர் கூப்பிட்டதும் உள்ளே வாங்கக்கா, கும்பிடுங்க, அவ்வளவுதான்” என்று காலையிலேயே சொல்லி வைத்தேன்.

ராம்கிஷன் லாரிக் குரலில் மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன், வராந்தா காலி. மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார், நான் அடித்தேன்: ஆஜராகவில்லை, வண்டி கமிட்டிக்குச் சொந்தம்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். இடுப்பில் குழந்தை, அதன் வாயைப் பொத்தியிருந்தாள்.

“வண்டியத் தூக்கினவனே கதவாண்ட நின்னு என் பேரச் சொல்லிக் கூப்புடறான் பாப்பா. இன்னும் எங்கிட்ட தூக்கறதுக்கு என்ன இருக்கு, இந்தப் புள்ளதானேன்னு ஓடிட்டேன்” என்றாள்.

குளிர்காலம்

மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு போட்டோம். அதற்குள் வர்மாஜியைக் கமிட்டி வீட்டுவரி வசூலுக்கு இழுத்துக்கொண்டது. கட்டு எடுக்க ஆளில்லை, தேதி தள்ளிக்கொண்டே போனது. ஜனவரியில் ஒருவழியாகக் கேஸ் வந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்றார் மாஜிஸ்திரேட். அஞ்சலை கும்பிட்டாள்.

அந்த வருஷம் கோர்ட்டுக்குக் கரி கொடுக்கவில்லை. பிடித்த வண்டிகளைப் போடும் கிடங்கிலிருந்து, கேட்பாரற்ற கமிட்டி மரம்தானே என்று, ராம்கிஷன் தினமும் விறகு கொண்டுவந்து அங்கீட்டியில், கணப்புச் சட்டியில், போடுவார். நாங்கள் எல்லாரும் குளிர் காய்வோம். தீர்ப்பான அன்றைக்கு அவர் கையில் ஒரு நீலப் பலகை இருந்தது. அதில் தமிழில் குழந்தையின் பெயர் எழுதியிருந்தது, செல்வி. என்னைத் தவிர அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பலகையைத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து ராம்கிஷன் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

“போடு அண்ணே, எரியட்டும். புள்ளைக்குக் குளுருது” என்றாள்.

வண்டியைப் பிடித்ததும் வழக்குப் போட்டதும் பெயரைக் கூப்பிட்டதும் எங்களுக்குக் குளிர் காயக் கொடுத்ததும் ஒரே கமிட்டிதான் என்றால், இதில் கோர்ட்டு எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.