பெண்பிள்ளை பெற்றவர்களின் படிப்பு

நாற்பதை எட்டுகிற வயதில் பட்டப்படிப்பு! ஊர் சிரித்தது; சிரிக்கட்டும். அறுபதுகளின் நடுவில், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே, மட்டக்களப்பு நகரத்தில் நடந்த சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். பல்கலைக்கழகம் போகாமலே எழுதும் வெளிவாரிப் பரீட்சைக்குப் படித்த எங்களில் பலர் பேரப்பிள்ளை காணும் வயதினர்.

ஒருநாள் மலைநாட்டிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் வந்தார். நடுவயதில் படிக்க வருகிறவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று ஆராய வேண்டுமாம். கேள்விகளை அவரே கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தோம்.

"கேள்வி போடுறதும் நீங்கதான், போய்க் கேக்கிறதும் நீங்கதான். நான் பின்னால வாறன்" என்றார்.

அடடா, இது என்ன ஆராய்ச்சி! எனக்கோ பக்கத்து வீட்டில் உலக்கைச் சத்தம் நின்றாலும் ஏனென்று எட்டிப் பார்க்கிற குணம். விடுவேனா?

விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராக யோசித்தபோது ஒன்று உறுத்தியது. அநேகமாக எல்லாரும் பெண்பிள்ளை பெற்றவர்கள். ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்றவர்கள் அசையாமல் வகுப்பில் இருந்தார்கள். "கலியாண அலைச்சலாக்கும்" என்றார் பக்கத்தில் இருந்து படித்த அலுவலக லிகிதர். கலியாணம் முடிந்த பிறகும் ஏன் திரும்பி வரவில்லை? எனக்கு அது பிடிபடவில்லை.

விரிவுரையாளரோடு வாவியைப் படகில் கடந்து மண்டூருக்குப் போனோம். எங்களோடு படித்து, மகளின் கலியாணத்தோடு நின்றுவிட்ட தபாலதிபர் ஒருவர் அங்கே இருந்தார். கல்வீட்டில் மகளும் மருமகனும். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான்: வீடு மகளுக்கு. பெற்றவர்கள் அதே வளவில் ஒரு குடிலுக்கு ஒதுங்கிவிடுவார்கள். அவருடைய குடிலில் பாய் விரித்தால் மேசைக்கு இடமில்லை.

"மருமகன் ஏதும் சொன்னவரா?" என்று கேட்டேன்.

"சே, தங்கமான பொடியன்."

"மகள்?"

"அவளிட்ட நான் கேக்கல்ல தங்கச்சி. குடுத்த வீட்டுக்குள்ள போய், படிக்க ஒரு மூலை தா எண்டு எப்பிடிக் கேக்கிற? வெக்கமில்லையா?"

விரிவுரையாளர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்கும் ஒரு மகள் எண்டு சொன்னீங்க?"

சுருக்கென்றது. ஊரை விசாரிக்கப் போனவள் என் வீட்டை மறந்திருந்தேன். என் மகளுக்கு வருகிற தையில் கலியாணம். பரீட்சை அதற்குப் பிறகு. எங்கள் குடிலுக்குக் கூரை வேயக் கிடுகுகூட வாங்கி முற்றத்தில் அடுக்கியாயிற்று. அப்படியென்றால் என் படிப்பும் அவ்வளவுதானா? படகில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஆராய்ச்சிக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். வேறு விதமாகக் கேட்க நா எழவில்லை.

"மகளுக்குக் குடுத்த வீட்டுல, இருந்து படிக்கத் தாய் இடம் கேட்டா, ஒரு மகள் என்ன சொல்லுவாள்?"

மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எந்தத் தாய்?"

நான் முற்றத்தில் அடுக்கியிருந்த கிடுகைப் பார்த்தேன்.

"தைக்குப் பிறகு இந்த வீடு ஆருட?"

"உன்டதான்."

"அப்ப இதுக்குள்ள ஆர் எங்க இரிக்கிறதெண்டு நான்தானே சொல்லணும்? மேசை முன்னறையில இரிக்கட்டும். நீங்க இருந்து படிங்க. பெயில் விட்டா மறுகா குடிலுக்குப் போங்க!"