இரண்டே பல் உள்ள திமிங்கலம்

ஒரு வாரமாகத் தறியில் பாவு இழை அறுந்துகொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணப் புடவையை முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கூவினான்: "சதுரங்கப்பட்டினத்துல ஒதுங்குச்சே மூக்கு நீண்ட திமிங்கலம், அதோட பல்லுண்ணா! தறியில கட்டுங்க, இழை அறவே அறாது!"

வாங்கினேன். எட்டாவது வரை படித்தவன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

தறியில் கட்டும்போது மகள் கேட்டாள்: "ஏம்பா, ஞாயித்துக்கெழம நாமளே போய்ப் பார்த்தோமே? மீன்காரரு அது வாயத் தொறந்து காட்டினாரு. ரெண்டே பல்லுதான இருந்துது?"

"ஆமாம்மா. அதுல ஒண்ணுதான் இது."

"பக்கத்து வூட்டுத் தறியில ஒண்ணு தொங்கினு இருக்குது. எதிர் வூட்லயும் தொங்குது. அதெல்லாம்?"

தெருவில் நடந்து பார்த்தேன். பதினொரு தறிகளில் பல் தொங்குகிறது.

வாழ்நாளெல்லாம் ஆழ்கடலில் யார் கண்ணிலும் படாமல் திரிந்த பிராணி அது. செத்துக் கரை ஒதுங்கிய பிறகு நம் தெரு அதற்குப் பல் முளைக்க வைத்திருக்கிறது.

திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தேன். இழை அறுந்தது.

இதைப் படிப்பகப் பலகையில் ஒட்டுகிறேன். தங்களிடம் இருப்பதுதான் உண்மையான பல் என்பவர்கள் கீழே கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்து என்னுடையது.