தீவுகளுக்கு மேலே நாலு கதிரை

சின்ன விமானம் ஓட்டுவதும் ஓட்டோ ஓட்டுவதும் ஏறக்குறைய ஒரே தொழில்தான். என்ன, ஓட்டோக்காரருக்குத் தாங்க ஏலாமல் போனால் தெருவோரத்தில் நிற்பாட்டி ஆளை இறக்கிவிடலாம், எனக்கு அந்த வசதி இல்லை.

என்னுடைய விமானத்தில் நாலு கதிரை. ஒன்றில் நான், மிச்சத்தில் சனம். விமானம் கொழும்பிலிருக்கிற ஒரு முதலாளியுடையது. ஆசைப்பட்டு வாங்கினார், ஒருநாள் ஏறிப் பார்த்தார், இறங்கியவர் அதற்குப் பிறகு அதன் பக்கமே போகவில்லை. அதனால் அதை நான் ஓட்டுகிறேன். பலாலி விமான நிலையத்தில் ஏற்றி, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியை மேலேயிருந்து ஒரு சுற்றுக் காட்டி, திரும்பவும் பலாலியில் இறக்கிவிடுவதுதான் வேலை. நான் ஊர்காவற்றுறைக்காரன் என்பதால் எந்தத் தீவு எது என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. இருந்தாலும் ஏறுகிற எல்லோரும் சொல்லித் தருவார்கள். கடை, வங்கி, பஸ், பள்ளிக்கூடம் என்று எங்கேயாவது ஆட்களோடு மாரடிக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். மற்றவர்கள் காட்சிகளை மட்டும் ரசித்துக்கொள்ளலாம்.

தராசு

காட்சிகளுக்கு முன்னால் தராசு. சின்ன விமானத்தில் யார் எவ்வளவு நிறை என்று தெரியாமல் கிளம்ப ஏலாது; யாரை முன்னால் இருத்துவது, யாரைப் பின்னால் இருத்துவது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். தொடக்கத்தில் நான் மரியாதையாக வாயால் கேட்டேன். ஆண்கள் மாப்பிள்ளையாக நின்ற காலத்து நிறையைச் சொன்னார்கள். பெண்கள் பள்ளிக்கூடக் காலத்துக்கே போய்விட்டார்கள். ஒருநாள் எல்லோரும் சொன்ன கணக்குப்படி இறகு மாதிரி எழும்ப வேண்டிய விமானம், ஓடுபாதை முடியப்போகிற இடத்தில்தான் மனமில்லாமல் எழும்பியது. அடுத்த நாளே குளியலறையில் வைக்கிற தராசு ஒன்றை வாங்கி வாசலில் வைத்துவிட்டேன்.

லண்டனில் இருந்து ஒரு அக்காவும் அவருடைய புருஷனும் வந்தார்கள். புருஷன் ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்கினார். அக்கா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புருஷனை மெதுவாகத் தண்ணீர்ப் போத்தல் வாங்க அனுப்பினார். அவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் செருப்பைக் கழற்றி, கைப்பையை என்னிடம் தந்து, ஏறி நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, பிளேனுக்கு மட்டும் சொல்லும். கலியாணப் பேச்சில நாங்கள் சொன்ன நிறையை அவர் நம்பிக்கொண்டு சந்தோஷமா இருக்கிறார், அப்பிடியே இருக்கட்டும்."

கடற்கோட்டைக்கு மேலே

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே தண்ணீருக்குள் குந்தியிருக்கிறது கடற்கோட்டை. கரையிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே போய், வெயில் சரிகிற நேரம் பார்த்தால், பச்சைத் தண்ணீரில் யாரோ ஒரு கல்மோதிரத்தைப் போட்டுவிட்டுத் தேடாமல் போன மாதிரி இருக்கும். இதை யாரோ ஒரு பொடியனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளைப் பின்னால் இருத்தி, தான் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டான். சட்டைப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்ததில் உள்ளே மோதிரம் இருப்பது எனக்கே விளங்கியது.

கோட்டைக்கு மேலே வந்ததும் ஆளுக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. பிடிக்க எதுவும் இல்லாமல், முன்னால் இருந்த திருப்புபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் பக்கத்துப் பிடியிலும் வானொலியில் பேசுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமத்தினால் அவன் வாயால் வருகிறதெல்லாம் பலாலிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போகும். அது அவனுக்குத் தெரியாது. வானொலியில் சின்ன விளக்கு எரிந்ததை நான் காண்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான். முதல் முதல் பஸ்ஸில் கண்டது, பிறகு பல்கலைக்கழகத்தில் கண்டது, அவளுடைய அண்ணன் அடிக்க வந்தது, இவன் மதில் பாய்ந்தது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி, கடைசியில் கேட்கவேண்டியதையும் கேட்டான். அவள் பின்னாலிருந்து சொன்னாள்: "இதைக் கேக்கவோ என்னை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுவந்தனீங்கள்? நிலத்தில கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

நான் அவனுடைய விரலைப் பிரித்து எடுத்தேன். சென்னைக்குப் போகிற பெரிய விமானம் ஒன்று பலாலி ஓடுபாதையில் காத்துக்கொண்டு நின்றது. அதன் விமானியும் முழுவதையும் கேட்டிருப்பார். எப்போதும் இங்கிலிஷில் மட்டுமே பேசுகிற கோபுரத்து அதிகாரி அன்றைக்குத் தமிழுக்கு வந்தார்: "மாப்பிளை சொன்னது முழுக்க வடிவாக் கேட்டது. பொம்பிளை என்ன சொன்னவ எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் கேக்கேல்ல, நீர் ஒருக்காச் சொல்லும்."

புங்குடுதீவில் ஒரு வேலி

புங்குடுதீவு மேலேயிருந்து பார்க்க ஒரு தனி அழகு. இரண்டு பக்கமும் கடல் நிற்க, நடுவால் பாலம் கோடு போட்ட மாதிரிப் போகும். அதைத் தாண்டினால் பெரிய பெரிய கல்வீடுகள், ஆட்கள் விட்டுப்போனவை, பாதிக்குக் கூரை இல்லை, உள்ளே மரம் வளர்ந்து யன்னலால் கிளை நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஊரைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். தகப்பன் காணியைப் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து நடுவேலி யார் பக்கம் வரவேண்டும் என்ற சண்டையில் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேருக்கும் இடையில் நின்று களைத்துப்போன தங்கச்சிதான், இருவரையும் மேலே கொண்டுபோய்க் காணியைக் காட்டச் சொல்லி ஏற்பாடு செய்தவர். அவர் வரவில்லை. நல்ல புத்திசாலி.

அண்ணர் முன்னால், தம்பியார் பின்னால். இருவரும் என்னோடு மட்டும் கதைத்தார்கள். "தம்பி, பின்னால இருக்கிறவரிட்டச் சொல்லும், அந்தக் கிணறு என்ர பக்கம் எண்டு." "தம்பி, முன்னால இருக்கிறவரிட்டச் சொல்லும், கிணத்தை வெட்டினதே நான் எண்டு." எல்லோருக்கும் காதில் கருவி மாட்டியிருக்கிறது, எல்லோருக்கும் எல்லாம் கேட்கிறது. இருந்தாலும் நான் ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். காணிக்கு மேலே வந்தோம். வேலியைத் தேடினார்கள். வேலி இல்லை. இரண்டு காணியும் சேர்ந்து ஒரே பற்றைக்காடாகக் கிடந்தது. கிணற்றடியில் இரண்டு மாடுகள், இது யாருடைய பங்கு என்ற யோசனை இல்லாமல் படுத்திருந்தன. இருவரும் யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். சரி, இனி அழப்போகிறார்கள், இத்தனை வருடத்துக் கோபமும் இந்தப் பற்றையைப் பார்த்து உருகப்போகிறது என்று நினைத்து விமானத்தை மெதுவாகச் சாய்த்துப் பிடித்தேன்.

அப்போதுதான் தம்பியார் பக்கத்துக் காணியைக் கவனித்தார். அங்கே புதுத் தகரவேலி மினுங்கிக்கொண்டு நின்றது. நேராக வந்த வேலி இவர்களுடைய எல்லைக்குக் கிட்ட வந்ததும் வயிறு தள்ளின மாதிரி இந்தப் பக்கம் வளைந்து, இரண்டு பேருடைய காணியிலும் ஒவ்வொரு துண்டை விழுங்கிவிட்டுத் திரும்ப நேராகப் போனது. தம்பியார் கையை நீட்டினார். அண்ணர் எட்டிப் பார்த்தார். பிறகு கழுத்தைத் திருப்பி, என்னைத் தாண்டி, முதல் தடவையாக நேரே தம்பியோடு பேசினார்: "டேய், உனக்கும் எனக்கும் உள்ளதைப் பிறகு பாப்பம், முதல்ல இவன்ர வேலியைப் புடுங்குவம்."

நயினாதீவை வலம் வந்தது

நயினாதீவில் அம்மன் கோயில் கோபுரம் ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளிப் புத்த விகாரையின் வெள்ளைத் தூபி, சுற்றிவரக் கடல், படகுகள். படம் எடுக்கிறவர்கள் இந்த இடத்தில் மூச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் கோயில் பூசை செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த குருக்கள் ஐயா ஒருவர் வந்தார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததால் கோயில் வீதி சுற்றிக் கும்பிட ஏலாமல் இருந்தவர். மெல்பேணிலிருக்கிற மகன் ஏற்பாடு செய்து அனுப்பியிருந்தார். கோயிலை மூன்றுதரம் சுற்றவேண்டும், அதுவும் வலமாக என்றார்.

இதில் ஒரு சிக்கல். விமானத்தில் எனக்கு இடப்பக்கக் கதிரை. இடப்பக்கமாக வளைத்தால் கீழே எல்லாம் எனக்குத் தெரியும். வலமாக வளைத்தால் கோயில் ஐயாவின் பக்கம் போய்விடும், எனக்கு அவருடைய குடுமி மட்டும் தெரியும். இடமாகச் சுற்றட்டோ என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பேச்சு முடிந்துவிட்டது. சரி, நான் வலமாக வளைக்கிறேன், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். முதல் சுற்றுத் தொடங்கியது. "ஐயா, கோபுரம் தெரியுதோ?" என்றேன். "வடிவாத் தெரியுது தம்பி" என்றார். இரண்டாம் சுற்றில் திரும்பிப் பார்த்தால் ஆள் கை கூப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருக்கிறார். நான் கும்பிடவில்லை, ஆனால் கும்பிடுகிற நிலைமையில்தான் மூன்றாவது சுற்றை முடித்தேன்.

விமானம் ஒரு கோயிலைச் சுற்றுகிற அளவு சின்ன வட்டம் போடாது. என்னுடைய வட்டத்துக்குள் கோயில், விகாரை, இறங்குதுறை, கடைத்தெரு எல்லாமே வந்துவிட்டன. மனதுக்குள் உறுத்தியது, அதை ஐயாவிடமே சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து கொஞ்சம் யோசித்தார். "அம்மாளுக்குச் சுத்தினது அம்மாளுக்குப் போகும் தம்பி, விகாரைக்குச் சுத்தினது விகாரைக்குப் போகும், மீன்கடைக்குச் சுத்தினதுதான் ஆருக்குப் போகுமெண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்ல."

நெடுந்தீவுக் குதிரைகள்

நெடுந்தீவை மேலேயிருந்து பார்த்தால் தீவு முழுக்கச் சாம்பல் நிறத்தில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். எல்லாம் கடற்கல்லை அடுக்கின மதில்கள். தெற்கே வெட்டவெளியில் குதிரைகள் மேயும். யாழ்ப்பாணத்துப் படப்பிடிப்பாளர் ஒருவர், மணமக்களைக் கல்யாண உடுப்போடு ஏற்றிக்கொண்டு வந்தார். யன்னலால் மணமக்கள் பார்க்க, கீழே குதிரைகள் ஓடவேண்டும், அவ்வளவுதான் கேட்டது. குதிரைகள் ஓடவில்லை. எங்களைத் தலை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. இதற்குக் கீழே இறங்கச் சட்டம் விடாது என்றேன். அவர் யன்னலைத் திறந்து குதிரைகளை நோக்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். நான் திரும்பத் திரும்ப வளைத்ததில் மாப்பிள்ளையின் முகம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, மனுஷன் வாந்திப் பையைத் தேட நேரமில்லாமல் தலைப்பாவைக் கழற்றி அதற்குள்ளேயே காலைச் சாப்பாட்டை ஒப்படைத்தார். மணமகள் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, இறக்குங்கோ அண்ணை என்று கெஞ்சினாள். நானும் வடக்கே திருப்பினேன். படப்பிடிப்பாளர் என் தோளைப் பிடித்தார்: "அண்ணை, மாப்பிளையை எப்பவும் எடுக்கலாம், இஞ்ச குதிரை இப்பதான் ஓடத் தொடங்குது, திருப்புங்கோ."

நடுக்கடலில் ரீச்சர்

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் உள்ள கடலை விட அழகான இடம் எனக்குத் தெரியாது. ஆழமில்லாத இடத்தில் வெளிர்பச்சை, ஆழத்தில் கருநீலம், நடுவே கோடு இழுத்துக்கொண்டு ஒரு படகு. அந்தப் படகில் வாரம் தவறாமல் போய்வந்து நெடுந்தீவில் படிப்பித்து ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவரை, சுவிஸில் இருக்கிற பழைய மாணவர்கள் சேர்ந்து என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அவர் தனியாக வந்தார். மிதவை அங்கியை மாட்டிவிட்டபோது நாடாவைத் தானே இறுக்கிக்கொண்டார்.

அவருடைய பள்ளிக்கூடத்தைக் கிட்டக் காட்டலாம் என்று வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கினேன். இயந்திரம் ஒருதரம் இருமியது. பிறகு இன்னொரு தரம். பிறகு விமானம் முழுக்க உதறத் தொடங்கியது. ஈரக்காற்றில் இப்படி நடக்கும். வெயில் கொளுத்தினாலும் இயந்திரத்துக்குள் காற்றுப் போகிற தொண்டையில் பனி கட்டிவிடும். சூடான காற்றை உள்ளே விடுகிற பிடி ஒன்று இருக்கிறது, அதை இழுக்க வேண்டும். இழுத்தேன். இழுத்தவுடன் உதறல் இன்னும் கூடும், பொறுத்திருந்தால் பனி உருகிச் சரியாகும். புத்தகத்தில் இந்தப் பொறுத்திருப்பது ஒரு வரிதான். கடலுக்கு மேலே அது வேறு கணக்கு. இறக்க இடம் தேடினேன், நெடுந்தீவு இன்னும் தூரத்தில், கீழே தண்ணீர் மட்டும்.

"சத்தம் மாறுது" என்றார் ரீச்சர்.

"சின்ன விஷயம் ரீச்சர்."

"சின்ன விஷயமெண்டால் இவ்வளவு நேரமும் அந்தா கோயில், இந்தா கோட்டை எண்டு சொல்லிக்கொண்டு வந்தனீர், ஏன் நிப்பாட்டினனீர்? உள்ளதைச் சொல்லும்."

சொன்னேன். சரிவரும் என்றுதான் நினைக்கிறேன், சரிவராவிட்டால் தண்ணீரில்தான் இறக்க வேண்டும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார். சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகினார். பிறகு வகுப்பில் கேட்கிற குரலில் கேட்டார்: "நான் நீந்துவன். நீர் நீந்துவீரோ?" கொஞ்சம் என்றேன். "அப்ப என்ர தோளைப் பிடியும், கழுத்தைப் பிடிக்காதையும்" என்றார். ஊர்காவற்றுறையில் பிறந்தவன், எனக்கு வெட்கப்படவும் நேரமில்லை. இயந்திரம் பெரிதாக ஒருதரம் செருமியது, நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த கணம் பழைய சத்தம் வந்தது. ஒரே சீராக, ஒன்றுமே நடக்காத மாதிரி. விமானத்தை உயர்த்தி, நேரே பலாலிக்குத் திருப்பினேன்.

ரீச்சர் செருப்பை மாட்டினார், சேலையை நேராக்கினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கட படகில இஞ்சின் நிண்டால் ஓட்டி முதல்ல ஒரு பீடி பத்துவார், பிறகு இறங்கித் தள்ளுவார், உமக்கு ரெண்டுக்கும் வழியில்லை, அதுதான் பாவம் இப்பிடி வெளிறிப்போனீர்."

இத்தனைக்கும் பிறகு நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: கடல் எவ்வளவு நீலமாக இருந்தாலும், கோபுரம் எவ்வளவு மினுங்கினாலும், ஆயிரம் அடிக்கு மேலே ஏறின எங்கட சனம் முதலில் தேடுவது தன் வீட்டுக் கூரையை, அதைக் கண்டதும் பார்ப்பது பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூரை இருக்கிறதா என்று.