நாத்தனார் விட்ட இடைவெளி

பச்சைக் களிமண்ணைக் கட்டைவிரலால் உருட்டி, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலை போட்ட வாயில் அப்புகிறாள். கவிழ்த்து வைத்த இன்ஜின்மேல் எண்ணெய்த் தொட்டியை மூடி, போல்ட்டுகளை முறுக்குகிறாள். முறுக்கிய கையோடு எல்லாவற்றையும் கழற்றுகிறாள். நசுங்கிய களிமண்ணை பிளேடால் கீறி, அதன் கனத்தை அளக்கிறாள்; குழாய் வாய்க்கும் தொட்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி அதுதான். சுண்டுவிரல் நுனி கனம் இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால் குழாயை வளைத்து, மறுபடி முதலிலிருந்து.

"வாய் தொட்டித் தரையோட ஒட்டினா எப்படிக் குடிக்கும்? ரொம்ப எட்டி நின்னா காத்தைத்தான் குடிக்கும். எண்ணெய் போகாத இன்ஜின் கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள கட்டை."

பந்தயக் கார்களுக்கு இன்ஜின் கட்டும் அந்தப் பட்டறையில் அவளுக்குக் 'களிமண்' என்றே பெயர். அதில் அவளுக்கு வருத்தமில்லை. "உன் மண்டையில களிமண்தான் இருக்குன்னு வாத்தியார் சொன்னாரு. பாரு, வீண்போகல" என்பாள். களிமண் வாங்கப் போன கடையில், "குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார்கள். "வயசு தெரியாதுங்க. நாலு சிலிண்டர்" என்றாளாம்.

ஐம்பதைத் தாண்டியவள், வாய் ஓயாது. குழாயைப் பம்ப்பில் சும்மா தட்டிச் செருகி அனுப்பினால் பிடிக்காது. "அதிர்ற அதிர்ச்சியில கழண்டு விழுந்துரும்" என்று ஒரு பொட்டு பற்றவைத்து, ஒரு பிடிமானமும் கொடுப்பாள். பற்றவைக்குமுன் பம்ப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மறக்காமல் வெளியே எடுத்துவிடுவாள், சூட்டில் அது தளர்ந்துவிடும் என்று.

அவள் கட்டும் இன்ஜின்களில் ஒன்றை ஓட்டுபவள் அவளுடைய தம்பி மனைவி. கல்யாணமான புதிதில், கார்ப் பந்தயமெல்லாம் இனி எதற்கு என்று வீடே முகத்தைத் தூக்கி வைத்திருந்தபோது, "ஓட்டத் தெரிஞ்சவ ஓட்டட்டுமே, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டவள் இந்த நாத்தனார்தான். "நாத்தனார் கட்டின இன்ஜினை நம்பியா ஏறுறே?" என்று மைதானத்தில் கேலி செய்வார்கள். தம்பி மனைவியும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்த வருடக் கடைசிப் பந்தயத்தன்று சிரிக்க முடியவில்லை. லாரியிலிருந்து காரை இறக்கும்போது அதன் அடிவயிறு கல் விளிம்பில் இடித்துவிட்டது. தொட்டியில் சின்ன நசுங்கல்.

"ஒரு சொட்டு ஒழுகலையே, விடும்மா" என்றார் அணி முதலாளி.

"ஒழுகினா தேவலையே சார், கண்ணுக்காவது தெரியும். உள்ள வாயை அடைச்சிருந்தா?"

கழற்றினால் தகுதிச் சுற்று போய்விடும். எல்லாருக்கும் பின்னால் கடைசியாகத்தான் நிற்க வேண்டும். ஒரு வருட உழைப்பு. தம்பி மனைவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன். எப்பவும் இப்படித்தான் பண்றீங்க!"

"திட்டணும்னா நல்லா திட்டிக்கோ. உன்னை முழுசா வீடு கொண்டு சேர்க்கிறதுதான் எனக்கு முதல் வேலை" என்று சொல்லிவிட்டு நாத்தனார் காருக்கு அடியில் புகுந்தாள்.

தொட்டியைக் கழற்றி, களிமண் வைத்து மூடி, மறுபடி திறந்தாள். வெளியே வந்தாள். நசுங்கிய களிமண்ணைத் தம்பி மனைவியின் உள்ளங்கையில் வைத்தாள். சருகு போல மெலிந்திருந்தது; நடுவில் வலையின் பதிவு மட்டும். தம்பி மனைவிக்குச் சுவரோரம் திரும்பும் அந்த நீண்ட வளைவு ஞாபகம் வந்தது. போன வருடம் அங்கேதான் வேறொரு கார், எண்ணெய் போகாமல் இன்ஜின் இறுகி, சக்கரம் பூட்டிக்கொண்டு சுழன்று மோதியது. முதலாளி மாற்றுத் தொட்டியைத் தேடி ஓடினார்.

தம்பி மனைவி கடைசி ஆளாகக் கிளம்பினாள். வளைவு வந்தபோதெல்லாம் ஒரு கண் எண்ணெய் அழுத்த முள்ளின்மேல் போயிற்று. முள் இறங்கவே இல்லை. பயம் கொஞ்சம் கொஞ்சமாக விட, ஆக்ஸிலேட்டரை நம்பி மிதித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் தடத்தோரம் நாத்தனாரின் முதுகு தெரிந்தது. பந்தயத்தை அவள் பார்ப்பதில்லை. திரும்பி நின்று இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்பாள். ஐந்தாவதாக ஓடிய காரையும் தாண்டி, ஐந்தாவதாக முடித்தாள். கோப்பை இல்லை. ஆனால் கடைசியில் கிளம்பி ஐந்தாவது என்றால் சும்மாவா! முதலாளி குதித்தார்.

தம்பி மனைவி காரை விட்டு இறங்கவில்லை. "அண்ணி" என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா, சத்தம் ஏதும் மாறிச்சா?" என்று பதறிக்கொண்டு நாத்தனார் ஜன்னலுக்குள் குனிந்தாள்.

தம்பி மனைவி தலைக்கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, நாத்தனாரின் எண்ணெய்க் கறை படிந்த கையைப் பிடித்து இழுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.