ஹில்டா அம்மாளுக்கு நான் சொல்லித்தராத சொல்

ஹில்டா அம்மாள் காலமான செய்தி பள்ளிக்கூட முகவரிக்கு நீலநிற விமானக் கடிதமாக வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தேன். எழுதியிருந்தவள் அவருடைய மகள் ரூத். கடிதம் முழுவதும் தமிழில், கோணல்மாணலான எழுத்தில் இருந்தது. முதல் நான்கு வரிகளைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மீதியை மாலையில்தான் படித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் திருச்சபையார் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். அம்மாளின் தமிழைப் புகழாதவர் இல்லை. "அந்தத் தமிழைச் சொல்லிக்கொடுத்த புலவர் இதோ இருக்கிறார்" என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே பேசாததை, அவரை அறிந்த உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், கூரத்துக்கு அப்பால் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு அவர்கள் சீமையிலிருந்து வந்து சேர்ந்தார்கள்: அம்மாளின் கணவரான பாதிரியார், நர்ஸ் படிப்பு படித்த அம்மாள், ஐந்து வயது ரூத். ஓட்டு வீட்டின் முன்னறைதான் மருந்தறை. பாதிரியார் கூலியாட்களோடு சேர்ந்து கிணறு வெட்டினார். வெயிலில் அவருடைய முதுகு தோலுரிந்து கிடக்கும். அம்மாள் காலை முழுவதும் புண்களைக் கழுவிக் கட்டுவார். ரூத் தெருப் பிள்ளைகளோடு புழுதியில் புரண்டு, அவர்கள் வீட்டுக் கூழையே குடித்து வளர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள் மாலை நான்கு மணிக்கு நான் சைக்கிளில் போய் அம்மாளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன்.

எனக்கு அப்போது முப்பது வயது. தமிழ் என்றால் ஏட்டுத் தமிழ்தான் என்று நினைத்திருந்த காலம். ஊரில் பேசுவதெல்லாம் கொச்சை, அது அம்மாளின் வாயில் வந்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஒருநாள் அவர் மருந்தறையில் ஒரு பெண்ணிடம், "தாங்கள் கருவுற்றிருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். அறையே சிரித்தது. "என்னாமா தொரசாணி, கூத்துல ராஜா பேசுறாப்ல பேசுற!" என்றாள் அவள். அம்மாளும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

அன்று மாலை பாடத்தில் அவர் கேட்டார்: "ஐயா, பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? அந்தச் சொற்களை எனக்குச் சொல்லித்தர வேண்டும்." எனக்குக் காது சூடாகிவிட்டது. ஓர் ஆண்பிள்ளை, அதுவும் புலவன், அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதா? "அவை வேண்டாம் அம்மா. நீங்கள் நல்ல தமிழில் பேசினால் அவர்களுக்குப் புரியும்" என்றேன். "அவர்கள் பேசுவது எனக்கு விளங்க வேண்டாமா, ஐயா?" என்றார். பழகப் பழக விளங்கும் என்று சொல்லி, வேற்றுமை உருபுகளுக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஆண்டு ஆடி மாதம். நான் பாடத்துக்குப் போனபோது அம்மாள் வருத்தத்தோடு சொன்னார்: "இன்று காலை நம் தெருக் கன்னியம்மா வயிற்று வலி என்று வந்தாள். மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறாளாம். பாவம், கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை போலும். ஒரு சோப்பும், பூச்சிக்குப் பேதி மருந்தும் கொடுத்தனுப்பினேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறேன் என்றால் அவள் பிள்ளையுண்டாகியிருக்கிறாள் என்று பொருள். நான் வாய் திறப்பதற்குள், தரையில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்த ரூத் நிமிர்ந்தாள். "அது குளிக்கிறதப் பத்தி இல்லமா. கன்னிம்மா அக்கா வயித்துல பாப்பா இருக்குது."

அம்மாள் கையில் பிடித்திருந்த நோட்டுப் புத்தகத்தோடு, செருப்புகூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அதற்குள் கரு கலைந்து எல்லாம் முடிந்திருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத் தங்கிய கரு அது. பிறகு கன்னியம்மாவுக்குக் குழந்தையே பிறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அம்மாள் என்னிடம் கேட்டார். "ஐயா, அந்தச் சொல்லை நீங்கள் எனக்குக் கற்றுத்தந்தீர்கள் அல்லவா? நான்தான் மறந்துவிட்டேனா?" இல்லை என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நான் "சொல்லியிருப்பேன் அம்மா" என்றேன். கோழை. இத்தனை வருடத்தில் எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் அதுதான்.

"அப்படியானால் பிழை என்னுடையது" என்றார். வேதக் கோயிலில் எல்லோர் முன்னாலும் அதையே சொன்னார். தினமும் கன்னியம்மாவின் குடிசை வாசலில் போய் நின்றார். அவள் புருஷன் உள்ளே விடவில்லை. மருந்தறைக்குப் பெண்கள் வருவது நின்றது. புண் கட்ட வருகிறவர்களும் வராமல் போனார்கள். ஒன்றரை வருடம் ஆளில்லாத அறையைப் பெருக்கித் துடைத்து, மருந்து பாட்டில்களை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு குடும்பத்தோடு சீமைக்குப் போய்விட்டார்.

கடிதம் வந்த மறுநாள் கன்னியம்மாவைப் பார்க்கப் போனேன். நரைத்துவிட்டாள். செய்தியைச் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க மேல எனக்குக் கோவம் இல்லப்பா. பாஷை தெரியாத ஊருக்கு வந்துக்கினு அவங்க என்னா பண்ணுவாங்க? யார்னா சொல்லிக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள். நான் எதற்கு வந்தேனோ அதை அவளிடமும் சொல்ல முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏரிக்கரை வரை நடந்தேன்.

ரூத் கடிதத்தின் பின்பாதியில் இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா படுக்கையில இருந்துக்கினே உங்க பாட நோட்டுங்களைப் பொரட்டிக்கினு இருப்பாங்க ஐயா. அந்த வார்த்தையைத் தேடுனாங்க. கெடைக்கவே இல்ல. எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நோட்டுங்களைக் கப்பல் தபால்ல அனுப்பியிருக்கேன்."

நேற்று அவை வந்தன. ஏழு நோட்டுப் புத்தகங்கள். அம்மாள் நினைவாக எனக்கு மிஞ்சியவை இவைதாம். இல்லை என்று தெரிந்தும் நானும் ஒவ்வொரு பக்கமாகத் தேடினேன். ஏழாவது நோட்டின் கடைசித் தாளில், நடுங்கும் கையெழுத்தில், அண்மையில் எழுதிய ஒரு வரி இருந்தது: "முழுகாமல். ஐயா கற்றுத்தந்தது. பக்கம்". அதற்குப் பிறகு எண் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.

ரூத், அது எந்தப் பக்கத்திலும் இல்லையம்மா. நான் சொல்லித்தரவே இல்லை.